இணையப் பெயர் யார் கையில்? – வாசகர் கேள்வி பதில்

இணையத்தளத்தின் முகவரியாக அமையும் டொமைன் பெயரைப் பதிவு செய்வது பற்றிச் சென்ற இதழில் எழுதியதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, பதிவு செய்த பெயரை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றுவதில் ஏற்படும் இழுபறியையும், பெயர் பறிபோன பின் என்ன செய்வது என்பதையும் பற்றியே கேட்கின்றன. பதில்களுக்குள் போகுமுன் மூன்று தரப்பினரைப் பிரித்து அறிந்துகொள்வது அவசியம். டொட் கொம் பெயர்களின் மூலப் பதிவேட்டை அமெரிக்காவின் வெரிசைன் நிறுவனம் பேணுகிறது. உலக அளவில் இணையப் பெயர்களுக்கு விதி வகுக்கும் ஐகான் அமைப்பின் அங்கீகாரம் பெற்று, அந்தப் பதிவேட்டில் நம் பெயரை ஏற்றித் தருபவர் ரெஜிஸ்ட்ரார். அவரிடம் வாங்கி நமக்கு விற்பவர் ரீசெல்லர். கொழும்பில் நாம் காசு கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்குவது பெரும்பாலும் இந்த மூன்றாமவரிடம்தான்; விதிகளோ இரண்டாமவரைத்தான் நேரடியாகக் கட்டுப்படுத்துகின்றன. கீழே உள்ள சிக்கல்களில் பல இந்த இடைவெளியில் முளைத்தவை.

கேள்வி: எங்கள் புடவைக் கடையின் இணையத்தளத்தைச் செய்து கொடுத்தவரே டொட் கொம் பெயரையும் வாங்கிக் கொடுத்தார். ஆண்டுதோறும் அவரிடமே பணம் கட்டி வருகிறோம். வேறிடத்துக்கு மாற்றப்போகிறோம் என்றதும், வரும் ஆண்டுக்கான பணத்தோடு ‘ரிலீஸ் சார்ஜ்’ என்று ஒரு தொகையையும் கட்டினால்தான் கோட் தருவேன் என்கிறார். அப்படிக் கேட்க அவருக்கு உரிமை உண்டா? – வெள்ளவத்தை வாசகி ஒருவர்

பதில்: வரும் ஆண்டுக்கான கட்டணத்தைக் காரணம் காட்டிப் பெயரைத் தடுத்து வைக்க எவருக்கும் உரிமை இல்லை. 2004 நவம்பரில் நடைமுறைக்கு வந்து, பின்னர் பலமுறை திருத்தப்பட்ட ஐகானின் இடமாற்றக் கொள்கை இதைத் தெளிவாகவே சொல்கிறது. முடிந்துபோன பதிவுக் காலத்துக்கோ, இப்போது ஓடிக்கொண்டிருக்கும் காலத்துக்கோ உரிய பணம் பாக்கி என்றால் ரெஜிஸ்ட்ரார் இடமாற்றத்தை மறுக்கலாம். இனி வரப்போகும் காலத்துக்கான பணத்தைக் கேட்டு மறுக்க முடியாது. இடமாற்றத்துக்குக் கடவுச்சொல் போல உதவும் அந்தக் கோட் (ஓத் கோட்) விடயத்தில் விதி இன்னும் கண்டிப்பானது. ரெஜிஸ்ட்ராருக்கும் உரிமையாளருக்கும் இடையே பணத் தகராறு இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஓத் கோடைத் தராமல் இருக்கக் கூடாது. உரிமையாளர் கேட்ட 5 நாட்களுக்குள் கோடைக் கொடுத்துவிட வேண்டும். அல்லது உரிமையாளரே தம் கணக்குப் பக்கத்தில் எடுத்துக்கொள்ள வழி வைத்திருக்க வேண்டும். பெயர் வெளியேறாதபடி ரெஜிஸ்ட்ரார் போட்டிருக்கும் பூட்டைத் திறப்பதற்கும் அதே 5 நாள் கெடுதான்.

உங்களிடமிருந்து வாங்கிய பணத்தை ரீசெல்லர் மேலே கட்டவில்லை என்றாலும், அவர்கள் இருவருக்கும் இடையிலான பாக்கியைக் காட்டி, பணம் செலுத்திவிட்ட உங்களைத் தடுக்க முடியாது. ஆகவே இத்தனை ஆண்டுகளும் நீங்கள் வாங்கிய பற்றுச்சீட்டுகளைத் தேடி எடுத்து, ஒன்றுவிடாமல் ஸ்கேன் செய்து வையுங்கள்.

இவ்வளவும் நீங்கள் பதிவேட்டில் உரிமையாளராக இருந்தால் மட்டுமே பொருந்தும் என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. பதிவு விபரங்களைத் தேடித் தரும் ஐகானின் லுக்கப் பக்கத்தில் உங்கள் டொமைன் பெயரைத் தட்டிப் பாருங்கள். ரெஜிஸ்ட்ரார் என்ற வரியில் வருவது உங்களுக்குத் தளம் செய்து கொடுத்தவரின் பெயராக இராது. பெரும்பாலும் வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் பெயராக இருக்கும். உண்மையான ரெஜிஸ்ட்ரார் அவர்கள்தாம். அதற்குக் கீழே பதிவு செய்த தேதி, முடிவடையும் தேதி, பூட்டு நிலை ஆகியவை இருக்கும். உரிமையாளர் பெயர் வரவேண்டிய இடத்தில் தனியுரிமைக்காக மறைக்கப்பட்டுள்ளது என்ற குறிப்பைத்தான் இப்போதெல்லாம் காண முடிகிறது. 2018இல் ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பின் ஏற்பட்ட நிலை இது. மறைந்திருப்பது யாருடைய பெயர் என்பதை ஊகிக்க ஓர் எளிய வழி உண்டு. பதிவேட்டிலுள்ள விபரங்கள் சரியா என்று கேட்டு ஆண்டுக்கு ஒரு முறை உரிமையாளருக்கு மின்னஞ்சல் அனுப்ப வேண்டியது ரெஜிஸ்ட்ராரின் கடமை. அப்படி ஒரு மடல் இத்தனை ஆண்டுகளில் உங்களுக்கு வந்ததே இல்லை என்றால், பதிவேட்டில் இருப்பது உங்கள் முகவரியாக இருக்க வாய்ப்பில்லை.

பெயர் உங்களுடையதாக இருந்தால், ரீசெல்லரை விட்டுவிட்டு, அந்த ரெஜிஸ்ட்ராருக்கே நேரடியாக எழுதிக் கோடைக் கேளுங்கள். 5 நாட்களில் வராவிட்டால், ஐகானின் தளத்தில் இடமாற்றம் தொடர்பான முறைப்பாட்டுப் படிவம் இருக்கிறது, கட்டணம் எதுவுமில்லை. எந்தத் தேதியில் கேட்டீர்கள், என்ன பதில் வந்தது என்பதற்கு மின்னஞ்சல் பிரதிகளை இணைக்க வேண்டும். தொலைபேசியில் பேசியதை வைத்து அங்கே எதையும் நிரூபிக்க முடியாது. வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தாலும் மின்னஞ்சலில் ஒருமுறை மீண்டும் கேட்டுவிடுங்கள்.

பதிவேட்டில் உரிமையாளர் அவர்தான் என்றால் நிலைமை கடினம். ஐகானைப் பொறுத்தவரை பெயர் அவருடையது. அவர் தம் பெயரைத் தம்மிடம் வைத்திருக்கிறார், அவ்வளவுதான். அப்போது உங்களுக்குத் துணை நிற்பவை பற்றுச்சீட்டுகளும், பெயர் உங்கள் கடைக்காகத்தான் வாங்கப்பட்டது என்பதைக் காட்டும் பழைய செய்திகளும், சட்டத்தரணி மூலம் அனுப்பும் ஒரு கோரிக்கைக் கடிதமும்தாம். நம்மவர்களில் பலர் டொலரில் பணம் கட்டக்கூடிய கடனட்டை இல்லாததால் இந்த வேலையை இன்னொருவர் கையில் விட்டார்கள். 2022 அந்நியச் செலாவணி நெருக்கடியில் அட்டை இருந்தவர்களும் திண்டாடினார்கள். அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பணத்தை யார் கட்டினாலும் உரிமையாளர் பெயரும் மின்னஞ்சலும் உங்களுடையவையாக இருக்க வேண்டும் என்று முதல் நாளே கேட்டு வாங்கியிருந்தால், ‘ரிலீஸ் சார்ஜ்’ என்ற பேச்சுக்கே இடமிருந்திருக்காது.

கேள்வி: அப்பாவின் பெயரில் இருந்த டொமைனை என் பெயருக்கும் என் மின்னஞ்சல் முகவரிக்கும் மாற்றினேன். அடுத்த நாளே வேறு ரெஜிஸ்ட்ராருக்கு மாற்ற விண்ணப்பித்தால் 60 நாட்கள் பொறுக்கச் சொல்கிறார்கள். அப்பா உயிரோடு இருக்கிறார். அவரே சம்மதக் கடிதம் தரத் தயார். குறைக்க முடியாதா? – கொட்டாஞ்சேனை வாசகர்

பதில்: இப்போது முடியாது. உரிமையாளரின் பெயர், நிறுவனம், மின்னஞ்சல் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று குறிப்பிடத்தக்க அளவில் மாறினாலே உரிமையாளர் மாறியதாகக் கொண்டு, ரெஜிஸ்ட்ராரிடமிருந்து வெளியேறுவதை 60 நாட்களுக்குப் பூட்டும் விதி 2016 டிசம்பர் முதல் இருக்கிறது. திருடியவன் பெயரையும் மின்னஞ்சலையும் மாற்றிவிட்டு மறுநாளே வேறு நாட்டு நிறுவனத்துக்குக் கொண்டு ஓடிவிடக் கூடாது என்பதற்காக வைத்த தடை அது. இந்தப் பூட்டு வேண்டாம் என்று சொல்லும் வாய்ப்பை ரெஜிஸ்ட்ரார் விரும்பினால் கொடுக்கலாம். ஆனால் விபரத்தை மாற்றும் கோரிக்கைக்கு முன்பே அதைச் சொல்லியிருக்க வேண்டும். மாற்றிய பின் அப்பா மட்டுமல்ல, வேறு யார் கடிதம் கொடுத்தாலும் பயனில்லை. இதே நிலையில் இருக்கும் மற்றவர்கள் வரிசையைத் திருப்பிக்கொள்ளலாம். பழைய விபரத்துடனேயே புதிய ரெஜிஸ்ட்ராரிடம் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, அங்கே வைத்துப் பெயரை மாற்றுங்கள். புதிதாகப் பதிவு செய்த பெயருக்கும், ஒருமுறை இடமாற்றம் செய்த பெயருக்கும் முதல் 60 நாட்களில் ரெஜிஸ்ட்ரார் மறுக்கலாம் என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: பம்பலப்பிட்டியில் பயண முகவர் நிலையம் நடத்துகிறோம். முன்பதிவுகள் எல்லாம் மின்னஞ்சலில்தான் வருகின்றன. இடமாற்றத்தின்போது தளமும் மின்னஞ்சலும் நின்றுவிடுமா? எத்தனை நாள் ஆகும்? – வாசகர்

பதில்: இடமாற்றம் என்பது பெயரின் பதிவை ஒரு கணக்குப் புத்தகத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டு செல்வது மட்டுமே. உங்கள் தளம் இருக்கும் சேர்வருக்கும் அதற்கும் தொடர்பில்லை. பெயரைத் தேடி வருபவருக்கு வழிகாட்டும் நேம்சேர்வர் விபரங்கள் மாறாமல் கூடவே வரும். ஆகவே விதிப்படி எதுவும் நிற்க வேண்டியதில்லை. ஆனாலும் நிற்பதைப் பார்க்கிறோம். காரணம், பலர் பழைய ரெஜிஸ்ட்ரார் இலவசமாகத் தந்த, பெயரைத் தளத்தோடும் மின்னஞ்சலோடும் இணைக்கும் டிஎன்எஸ் சேவையையே பயன்படுத்துகிறார்கள். பெயர் வெளியேறியதும் அவர் அந்தச் சேவையை நிறுத்திவிடுகிறார். தளம் திறக்காதது உடனே தெரிந்துவிடும். மின்னஞ்சல் வராமல் போவதோ, வாடிக்கையாளர் யாராவது தொலைபேசியில் கோபித்துக்கொள்ளும் வரை தெரியாது.

ஆகவே கோடைக் கேட்பதற்கு முன்னமே, பழைய கணக்கில் டிஎன்எஸ் பக்கத்தைத் திறந்து, அங்குள்ள ஒவ்வொரு வரியையும் அப்படியே படமெடுத்து வையுங்கள். தளத்தின் ஐபி எண்ணைக் காட்டும் ஏ வரி ஒன்றிரண்டு இருக்கும். மின்னஞ்சல் எங்கே போகிறது என்பதைக் காட்டும் எம்எக்ஸ் வரிகள் முன்னுரிமை எண்ணுடன் இருக்கும். அந்த எண்ணையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். நீளமான எழுத்துக் குவியலாக இருக்கும் டிஎக்ஸ்டி வரிகளை வேண்டாதவை என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. மடல் உண்மையில் உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகிம் ஆகியவை அவற்றில்தான் இருக்கின்றன. அவை இல்லாவிட்டால் நீங்கள் அனுப்பும் பயணச்சீட்டுகள் வாடிக்கையாளரின் ஸ்பாம் பெட்டிக்குள் போய் விழும். இவற்றைப் புதிய இடத்தில் முதலில் ஏற்றி, நேம்சேர்வரை அங்கே திருப்பி, இரண்டு நாட்கள் எல்லாம் சரியாக ஓடுகிறதா என்று பார்த்த பின்பு இடமாற்றத்தைத் தொடங்குங்கள். டிஎன்எஸ் விபரங்கள் போலியல்ல என்று உறுதி செய்யும் டிஎன்எஸ்செக் போட்டிருந்தால், நேம்சேர்வரைத் திருப்புவதற்கு முன் அதை எடுத்துவிடுவதே பாதுகாப்பானது.

கால அளவைச் சொல்வதென்றால், புதிய ரெஜிஸ்ட்ராரிடம் கோடைக் கொடுத்து விண்ணப்பித்ததும், பழைய ரெஜிஸ்ட்ரார் உரிமையாளருக்கு ஓர் அறிவித்தல் மடல் அனுப்ப வேண்டும். 5 நாட்களுக்குள் மறுப்பு வராவிட்டால் பெயர் தானாகவே மாறிவிடும். மௌனம் இங்கே சம்மதம். ஒப்புதல் பொத்தானை நீங்களே அழுத்தினால் சில ரெஜிஸ்ட்ரார்களிடம் சில மணி நேரத்தில் முடிந்துவிடும். டொட் கொம் போன்றவற்றில் இடமாற்றத்தோடு ஓர் ஆண்டு நீடிப்பும் சேர்ந்து வருவதால், நீங்கள் கட்டும் பணம் வீண்போவதில்லை. மொத்தக் காலம் 10 ஆண்டுகளைத் தாண்ட முடியாது என்ற வரம்பு மட்டும் உண்டு. முடிந்த பின் புதிய ரெஜிஸ்ட்ரார் உங்கள் மின்னஞ்சலைச் சரிபார்க்கச் சொல்லி ஒரு மடல் அனுப்பினால், அதை விளம்பரம் என்று அழித்துவிடாதீர்கள். 15 நாட்களுக்குள் அதிலுள்ள இணைப்பை அழுத்தாவிட்டால் பெயர் இடைநிறுத்தப்படலாம். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று இருக்கும்போது மூன்றாவது வாரத்தில் தளம் மறைந்துபோவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

கேள்வி: என் மின்னஞ்சல் கணக்கு களவாடப்பட்டது. அதன் வழியாக ரெஜிஸ்ட்ரார் கணக்கிலும் புகுந்து, டொமைனை வேறொரு நாட்டு நிறுவனத்துக்கு மாற்றிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை இரவு நடந்தது. திங்கட்கிழமைதான் எனக்குத் தெரிந்தது. எங்கே போய் முறையிடுவது? – தெஹிவளை வாசகர்

பதில்: வார இறுதியைத் தேர்ந்தெடுப்பது இந்தத் திருட்டின் பழைய உத்தி. 2005 ஜனவரியில் நியூயோர்க்கின் பனிக்ஸ் என்ற இணையச் சேவை நிறுவனத்தின் டொட் கொம் பெயர் இப்படித்தான் ஒரு சனிக்கிழமையன்று ஓர் அவுஸ்திரேலிய ரெஜிஸ்ட்ராரிடம் போய்ச் சேர்ந்தது. அந்நிறுவனத்தின் வாடிக்கையாளர்களுடைய மின்னஞ்சல் முழுவதும் திசை மாறியது. அங்கே அலுவலகம் திறக்கும் வரை பேசுவதற்கு ஆள் கிடைக்கவில்லை. அத்தகைய அனுபவங்களின் விளைவாகத்தான் ஒவ்வொரு ரெஜிஸ்ட்ராரும் அவசர இடமாற்றத் தொடர்பாளர் ஒருவரை வைத்திருக்க வேண்டும், இன்னொரு ரெஜிஸ்ட்ரார் அழைத்தால் 4 மணி நேரத்துக்குள் மனிதரே பதில் சொல்ல வேண்டும் என்ற விதி பின்னர் வந்தது. இந்த வாசல் பொதுமக்களுக்குத் திறப்பதில்லை. உங்கள் பழைய ரெஜிஸ்ட்ரார்தான் அதைத் தட்ட வேண்டும். ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது, பழைய ரெஜிஸ்ட்ராரின் முறைகேட்டுப் பிரிவுக்கு எழுதி, ‘என் அனுமதியின்றி நடந்த இடமாற்றம், உங்கள் அவசரத் தொடர்பாளர் வழியாக உடனே பேசுங்கள்’ என்று கேட்பது. தாமதிக்கத் தாமதிக்க இந்த வழி பலவீனமடையும்.

அதற்கு முன் உங்கள் மின்னஞ்சல் கணக்கை மீட்டு, அதில் மடல்களை வேறிடத்துக்குத் திருப்பும் விதி ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள். அதைச் செய்யாமல் ரெஜிஸ்ட்ராருக்கு எழுதினால், அவர் அனுப்பும் பதிலைத் திருடியவனே முதலில் வாசிப்பான்.

இரு ரெஜிஸ்ட்ரார்களும் உடன்படாவிட்டால், அடுத்தது இடமாற்றத் தகராறு தீர்வுக் கொள்கை, சுருக்கமாக டிடிஆர்பி. இதையும் ரெஜிஸ்ட்ரார்தான் தொடுக்க முடியும். இடமாற்றம் நடந்து 12 மாதங்களுக்குள் தொடுக்க வேண்டும். உரிமையாளருக்கு நேரடி உரிமை இல்லாதது இந்த ஏற்பாட்டின் பெருங்குறை என்பதே என் உறுதியான கருத்து. இழப்பு உங்களுடையது, வழக்காட வேண்டியவரோ சில டொலர் இலாபத்துக்காகப் பெயரை வைத்திருந்த ஒரு நிறுவனம். அது அக்கறை காட்டாவிட்டால், ஐகானிடம் முறைப்பாடு செய்து, விதிப்படி நடந்ததா என்று விசாரிக்கச் சொல்லலாம். பெயர் அதே ரெஜிஸ்ட்ராருக்குள் வேறொருவர் கணக்குக்கு மட்டும் நகர்ந்திருந்தால் அது இடமாற்றமே அல்ல, டிடிஆர்பி பொருந்தாது.

உள்ளூரில், பொலிஸின் கணினிக் குற்ற விசாரணைப் பிரிவில் முறைப்பாடு பதியுங்கள். அனுமதியின்றி ஒரு கணினிக் கணக்கில் புகுவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி குற்றம். முறைப்பாட்டின் பிரதியை ஆங்கில மொழிபெயர்ப்போடு ரெஜிஸ்ட்ராருக்கு அனுப்பினால் உங்கள் கோரிக்கைக்கு எடை கூடும். நீதிமன்ற வழி நீண்டது என்பதற்கு அமெரிக்காவின் கிரெமன் எதிர் கோஹன் வழக்கு சான்று. 1995இல் ஒரு போலிக் கடிதத்தை நம்பிப் பதிவு நிறுவனம் கிரெமனின் பெயரைக் கோஹனுக்குக் கைமாற்றியது. உரிமையாளருக்கு அது திரும்பியது 2000இல். 65 மில்லியன் டொலர் நட்டஈடு தீர்ப்பானபோதும் எதிரி பணத்தை நாட்டுக்கு வெளியே கொண்டுபோயிருந்தார். எனினும், 2003இல் மேன்முறையீட்டில் டொமைன் பெயரும் ஒரு சொத்தே, அதைத் தவறாகக் கைமாற்றிய நிறுவனமும் பொறுப்புக் கூற வேண்டும் என்று சொல்லப்பட்டது, பின்னால் வந்தவர்களுக்குப் பெரிய ஆதாரமாயிற்று.

கேள்வி: செட்டியார் தெருவில் மூன்று தலைமுறையாக நகைக் கடை வைத்திருக்கிறோம். எங்கள் கடைப் பெயரை அப்படியே டொட் கொம் ஆக ஒருவர் பதிவு செய்து வைத்துக்கொண்டு, ஒரு பெருந்தொகைக்கு விற்கிறேன் என்று மடல் அனுப்புகிறார். பணம் கொடுக்காமல் வாங்க வழி உண்டா? – வாசகர்

பதில்: உண்டு; ஆனால் பணமே செலவாகாது என்று நினைக்க வேண்டாம். ஐகான் 1999 ஓகஸ்டில் ஏற்றுக்கொண்ட சீரான டொமைன் பெயர்த் தகராறு தீர்வுக் கொள்கை, அதாவது யூடிஆர்பி, இதற்காகவே உள்ளது. அதில் நடுவர்கள் முன் மூன்று விடயங்களை நீங்கள் நிரூபிக்க வேண்டும். ஒன்று தவறினாலும் தோல்விதான். பெயர் உங்கள் வியாபாரக் குறியைப் போன்றே இருக்கிறது அல்லது குழப்பம் தரும் அளவுக்கு ஒத்திருக்கிறது என்பது முதலாவது. அந்தப் பெயரில் அவருக்கு உரிமையோ நியாயமான நலனோ இல்லை என்பது இரண்டாவது. தீய நோக்கத்துடன் பதிவு செய்து, தீய நோக்கத்துடன் பயன்படுத்துகிறார் என்பது மூன்றாவது.

முதல் படியிலேயே நம்மவர்கள் பலர் இடறுகிறார்கள். வியாபாரப் பெயர்ப் பதிவுச் சான்றிதழோ, கம்பனிப் பதிவோ வியாபாரக் குறி ஆகாது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ், தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் பதிந்த குறியே நேரடியான ஆதாரம். பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும், புதுப்பிக்கவும் முடியும். குறி பதிவாகவில்லை என்றாலும் கதவு மூடிவிடவில்லை. அந்தப் பெயரைக் கேட்டதும் மக்கள் உங்கள் கடையைத்தான் நினைக்கிறார்கள் என்பதை ஆவணங்களால் காட்டினால், பதிவில்லாக் குறியையும் நடுவர்கள் ஏற்பதுண்டு. மூன்று தலைமுறைக் கடையில் அதற்குப் பஞ்சமிருக்காது. பழைய பில் புத்தகங்கள், நாட்காட்டிகள், பத்திரிகை விளம்பரங்கள், பெயர் அச்சிட்ட நகைப் பெட்டிகளின் படங்கள் எல்லாவற்றையும் ஆண்டு தெரியும்படி அடுக்குங்கள். ஆனால் உங்கள் கடைப் பெயர் தங்கம், மாளிகை போன்ற பொதுச் சொற்களால் மட்டுமே ஆனது என்றால் இந்த வாதம் மிகக் கடினம்.

இரண்டாவதில், அவருடைய சொந்தப் பெயரே அதுவா என்று முதலில் பாருங்கள். நிசான் என்ற குடும்பப் பெயர் கொண்ட ஒருவர், அமெரிக்காவில் அதே பெயருள்ள கார் நிறுவனத்தோடு பல ஆண்டுகள் வழக்காடியும் தம் டொட் கொம் பெயரை விட்டுக்கொடுக்காமல் வைத்திருந்தார். நம் ஊரில் ஒரே பெயரில் கடைகள் பல இருப்பது சாதாரணம். யாழ்ப்பாணத்திலோ மலேசியாவிலோ அதே பெயரில் உண்மையாகவே கடை நடத்தும் ஒருவரிடமிருந்து அதைப் பறிக்க முடியாது, பறிக்கவும் கூடாது.

மூன்றாவதில் அவர் உங்களுக்கு உதவியிருக்கிறார். பதிவுச் செலவை மிஞ்சிய விலைக்குக் குறியின் உரிமையாளரிடமே விற்கும் நோக்கத்துடன் பதிவு செய்வதைத் தீய நோக்கத்துக்கான சான்றாகக் கொள்கையே குறிப்பிடுகிறது. இந்த முறையில் தீர்ப்பான முதல் வழக்கு, உலக மல்யுத்தச் சம்மேளனம் தொடுத்தது. பெயரைப் பதிவு செய்த 3 நாட்களில் அதை 1,000 டொலருக்கு அவர்களிடமே விற்க முன்வந்ததுதான் எதிர்த்தரப்பை வீழ்த்தியது. ஆகவே அந்த மடலை அழிக்காதீர்கள். விலை பேசி நீங்களாகப் பதில் எழுதவும் வேண்டாம். தளம் வெறுமையாகக் கிடந்தாலும், 2000இல் அவுஸ்திரேலியத் தொலைபேசி நிறுவனமான டெல்ஸ்ட்ராவின் யூடிஆர்பி வழக்கில் சொன்னபடி, சும்மா பிடித்து வைத்திருப்பதும் சூழ்நிலையைப் பொறுத்துத் தீய பயன்பாடாகலாம். லுக்கப் பக்கத்தில் பதிவுத் தேதியை மட்டும் கட்டாயம் பாருங்கள். உங்கள் உரிமை தோன்றுவதற்கு முன்பே பதிவான பெயர் என்றால், பொதுவாகத் தீய நோக்கத்தை நிறுவ முடியாது. உங்கள் விடயத்தில் கடைதான் மூத்தது என்பதால் அந்தக் கவலை இருக்காது.

ஜெனீவாவிலுள்ள உலகப் புலமைச் சொத்து அமைப்பில் இந்த யூடிஆர்பி வழக்கைத் தொடுக்க, 5 பெயர்கள் வரை ஒரு நடுவருக்கு 1,500 டொலர், மூவர் குழுவுக்கு 4,000 டொலர் கட்டணம். எல்லாம் மின்னஞ்சலிலேயே நடக்கும். நேரில் போக வேண்டியதில்லை. எதிர்த்தரப்புக்குப் பதிலளிக்க 20 நாட்கள். மொத்தத்தில் ஏறக்குறைய இரண்டு மாதங்கள். வழக்கு நிலுவையில் இருக்கும் வரை பெயர் பூட்டப்பட்டு, வேறு ரெஜிஸ்ட்ராருக்கு ஓட முடியாது. வென்றால், தோற்றவர் நீதிமன்றம் போவதற்கு 10 வேலை நாட்கள் விட்டு, பெயரை உங்களுக்கு மாற்றுவார்கள். நட்டஈடோ வழக்குச் செலவோ கிடைக்காது.

கொழும்பு வர்த்தக மேல் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டால் என்ன என்று கேட்கலாம். எதிர்த்தரப்பு இலங்கையில் இருந்தால் அது நல்ல வழி; புலமைச் சொத்துச் சட்டத்தில் முறையற்ற போட்டிக்கு எதிரான ஏற்பாடும் உண்டு, நட்டஈடும் கேட்கலாம். ஆனால் பெயர் ஓர் அமெரிக்க ரெஜிஸ்ட்ராரிடம் இருந்தால், நம் நீதிமன்றக் கட்டளையை அவர் நிறைவேற்றுவார் என்று உறுதியில்லை. யூடிஆர்பி தீர்ப்பை அவர் நிறைவேற்றியே ஆக வேண்டும். ஐகானுடனான ஒப்பந்தத்தில் அது எழுதப்பட்டிருக்கிறது. முதல் கேள்வி கேட்ட வாசகிக்கும் இங்கே ஒன்று சொல்ல வேண்டும். தளம் செய்து கொடுத்தவர் பெயரைப் பிடித்து வைத்திருக்கும் வழக்குகளை, இது ஒப்பந்தத் தகராறு, நீதிமன்றத்துக்குப் போங்கள் என்று யூடிஆர்பி நடுவர்கள் பலமுறை திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

கேள்வி: இந்த விதிகள் டொட் எல்கே பெயருக்கும் பொருந்துமா? – கொழும்பு 13 வாசகி

பதில்: பொருந்தாது. மேலே சொன்னவை டொட் கொம், டொட் நெட், டொட் ஓர்க் போன்ற பொதுப் பெயர்களுக்கானவை. 1990 முதல் நம் நாட்டுக்குரிய டொட் எல்கேயையும், 2010இல் சேர்ந்த டொட் இலங்கையையும் எல்கே டொமைன் ரெஜிஸ்ட்ரி தன் சொந்த விதிகளின்படி நிர்வகிக்கிறது. தகராறு என்றால் அங்கேதான் எழுத வேண்டும். அலுவலகம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது நமக்கு அனுகூலம். நாட்டுப் பெயர் என்பதால் ஆபத்தே இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். 2021 பெப்ரவரி 6 அன்று கூகுள் உள்ளிட்ட சில டொட் எல்கே பெயர்கள் ஊடுருவலால் வேறு பக்கத்துக்குத் திருப்பப்பட்டன.

கேள்வி: வெளிநாட்டில் இருந்தபோது டொட் கொம் பெயரைப் புதுப்பிக்க மறந்துவிட்டேன். காலாவதியாகி ஏறக்குறைய 50 நாட்கள். பழைய ரெஜிஸ்ட்ரார் மீட்க அதிகப் பணம் கேட்கிறார். வேறு ரெஜிஸ்ட்ராருக்கு மாற்றிக் குறைந்த கட்டணத்தில் புதுப்பிக்கலாமா? – வத்தளை வாசகர்

பதில்: பெயர் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. காலாவதிக்குப் பின் ரெஜிஸ்ட்ரார் அதிகபட்சம் 45 நாட்கள் வரை பெயரை வைத்திருக்கலாம். அந்தக் கட்டத்தில் சாதாரணக் கட்டணத்தில் புதுப்பிக்க அனுமதிப்பவர்கள் உண்டு, வேறிடத்துக்கு மாற்றவும் முடியும். அவர் அதை நீக்கியதும் 30 நாள் மீட்புக் காலம் தொடங்கும். நீங்கள் இருப்பது அங்கேதான் என்று தோன்றுகிறது. லுக்கப் பக்கத்தில் நிலை என்ற வரியில் ‘ரிடெம்ப்ஷன் பீரியட்’ என்று இருந்தால் இப்போது இடமாற்றம் நடக்காது. பழைய ரெஜிஸ்ட்ராரிடமே மீட்புக் கட்டணத்தைக் கட்டித்தான் எடுக்க வேண்டும். அந்தத் தொகை அவருடைய விலைப்பட்டியலில் வெளியிடப்பட்டிருக்க வேண்டும் என்பது விதி. அதைவிடக் கூடுதலாகக் கேட்டால் ஐகானிடம் முறையிடலாம். ஆனால் பேரம் பேசி நாட்களைக் கடத்த வேண்டாம். 30 நாட்கள் முடிந்தால் 5 நாட்கள் எவராலும் தொட முடியாத நிலை. அதற்குப் பின் பெயர் பொதுவில் விழும், அதற்காகவே காத்திருக்கும் மென்பொருள்கள் நொடிப்பொழுதில் எடுத்துக்கொள்ளும்.

காலாவதிக்கு ஏறக்குறைய ஒரு மாதத்துக்கு முன்பும், ஒரு வாரத்துக்கு முன்பும், முடிந்த 5 நாட்களுக்குள்ளும் ரெஜிஸ்ட்ரார் உங்களுக்கு நினைவூட்டல் அனுப்பியிருக்க வேண்டும். எந்த முகவரிக்கு அனுப்பினார் என்று கேளுங்கள். நீங்கள் இப்போது திறப்பதேயில்லாத பழைய முகவரி என்றால், பெயரை மீட்டவுடன் அதை மாற்றுங்கள். அந்த மாற்றத்தோடு 60 நாள் பூட்டு விழும் என்பதால், அது முடிந்த பின்பே வேறு ரெஜிஸ்ட்ராரைத் தேடிப் போகலாம்.